மூன்றாம் நம்பர் ரோலர்

1

கனடாவில் பன் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் பதினான்கு வருஷமாக வேலை செய்கிறேன். மாவு பிசைகிற மெஷினில் தொடங்கினேன். இந்த வருஷம் என்னை ‘லைன் லீட்’ ஆக்கியிருக்கிறார்கள். என் வரிசையில் நிற்கிற பதினெட்டுப் பேருக்கும் நான்தான் பொறுப்பு. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் போனில் கேட்டால் பதவி உயர்வு என்று சொல்லிக்கொள்கிறேன். முன்பு ஒரு மெஷினுக்காகத் திட்டு வாங்கினேன், இப்போது ஆறு மெஷினுக்காக வாங்குகிறேன்.

லைன் லீட் ஆனவர்கள் எல்லோரும் ஒருநாள் வகுப்புக்குப் போக வேண்டும் என்றார்கள். போனேன். என் மகள் வயதில் ஒரு பெண் பாடம் நடத்தினாள். சுவரில் ஒரு முக்கோணத்தைத் தலைகீழாகக் காட்டி, முதலாளி இருக்க வேண்டிய இடம் அடியில்தான் என்றாள். தலைவன் என்பவன் தனக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு ஊழியம் செய்கிறவன். அப்படி ஒருவன் இருக்கிற இடத்தில் ஆட்கள் தங்களுக்குத் தெரிந்ததை ஒளிக்க மாட்டார்கள், ஒருத்தரிடம் ஒருத்தர் கற்றுக்கொள்வார்கள், வேலை தானாக நன்றாக நடக்கும். இதுதான் பாடம். முடிவில் ஆளுக்கு ஒரு கதை சொல்லச் சொன்னாள். உங்கள் வாழ்க்கையில் அப்படி ஒரு மேலதிகாரி இருந்தாரா?

என் முறை வந்தது. பதற்றத்தில் நான், “மை பாஸ் வாஸ் மை சேர்வண்ட்” என்று தொடங்கிவிட்டேன். என் முதலாளி எனக்கு வேலைக்காரன் என்று அர்த்தமாகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்காமல் திருத்திக் கொடுத்தாள். பிறகு நான் தேயிலை ஃபாக்டரியில் எனக்கு மேலே இருந்த ரிஸ்வி ஐயாவைப் பற்றிச் சொன்னேன். அவர் துடைப்பம் எடுத்துத் தரை கூட்டியதை, பெண்களுக்குத் தன் கையால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததை, எங்களிடம் கேட்டுக் கேட்டு வேலை படித்ததைச் சொன்னேன். கை தட்டினார்கள். பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் எப்போதும் நிறுத்துகிற இடத்தில் அன்றைக்கும் நிறுத்தினேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் இருக்கிற உங்களில் சிலருக்கு இது பாதி தெரியும். மீதிப் பாதி எனக்கு மட்டும்தான் தெரியும் என்று போன மாதம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

இலங்கை மலைநாட்டில், பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பாதையில் ஏறினால், பாதி வழியில் இடப்பக்கம் திரும்புகிற தேயிலைத் தோட்டம்தான் எங்கள் ஊர். பேர் எழுதவில்லை. இன்னும் அங்கே பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அம்மாவும் அப்பாவும் மலையில் நனைந்து வேலை செய்தவர்கள். பதினெட்டு வயதில் எனக்கு ஃபாக்டரிக்குள் வேலை கிடைத்ததும், கூரைக்குக் கீழே வேலை என்று, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற எங்கள் லயத்தில் அதைப் பெரிதாகப் பேசினார்கள்.

ரோலர் ரூமில் நாலு ரோலர். வாடவைத்த கொழுந்தை வட்டமான பெட்டிக்குள் கொட்டி, அடியில் இருக்கிற மேசையோடு வைத்து நசுக்கிச் சுருட்டுகிற மெஷின் அது. கூரைக்குக் கீழே ஒரு நீளமான இரும்புத் தண்டு ஓடும். அதிலிருந்து வருகிற அகலமான பெல்ட்தான் ரோலரைச் சுற்றும். நிறுத்த வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கிற லீவரைத் தள்ள வேண்டும். பெல்ட் அடுத்த சக்கரத்துக்கு மாறிச் சும்மா சுற்றும், ரோலர் நின்றுவிடும்.

மூன்றாம் நம்பர் மட்டும் நின்ற பிறகும் ஓடும். லீவர் போய்ப் பூட்டிக்கொள்கிற பள்ளம் தேய்ந்திருந்தது. தள்ளி வைத்த லீவர் ஒரு நிமிஷத்திலோ இரண்டு நிமிஷத்திலோ தானாக நழுவும். பெல்ட் பழைய சக்கரத்தில் ஏறும். ரோலர் ஒரு சுற்றுப் பாய்ந்துவிட்டு நிற்கும். ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதற்குக் கிறுக்கு என்று பேர் வைத்து ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஃபாக்டரிக்குத் தலைவர் பெரிய டீ மேக்கர். பெரிய ஐயா என்போம். தூள் சரியில்லை என்றால் தட்டோடு தூக்கித் தரையில் அடிப்பார். நான் மூன்றாம் நம்பரில் நின்ற ஒருநாள் அது பாய்ந்து, கூடைக் கொழுந்து முழுக்கத் தரையில் கொட்டியது. அவர் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோரும் பார்க்க என் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் நானே கண்டுபிடித்தேன். கொய்யாக் கட்டையில் ஒரு விரல் நீளத்துக்கு ஆப்பு சீவி, லீவரைத் தள்ளியதும் அந்தப் பள்ளத்தில் செருகினேன். லீவர் அசையவில்லை. வேலை முடிந்ததும் ஆப்பை உருவிக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அறை வாங்கினவன் நான், கண்டுபிடித்தவனும் நான், நான் ஏன் சொல்ல வேண்டும்?

அதிலிருந்து மூன்றாம் நம்பர் என் கையில் மட்டும் ஒழுங்காக நின்றது. மற்றவர்கள் தொட்டால் பாய்ந்தது. கொஞ்ச நாளில் அதில் என்னைத் தவிர யாரையும் விட மாட்டார்கள் என்று ஆயிற்று. மற்றவர்களை “டேய்” என்று கூப்பிடுகிற பெரிய ஐயா என்னை மட்டும் “செல்வம்” என்று கூப்பிட்டார். அது எனக்குப் பெரிய விஷயம். கல்யாணம் முடித்து, மகள் பிறந்து, எட்டு வருஷம் அந்தக் கட்டையை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன்.

3

ரிஸ்வி ஐயா சின்ன டீ மேக்கராக வந்தபோது அவருக்கு முப்பது வயது இருக்கும். பண்டாரவளையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவரின் மகன். பகல் வேலை முழுக்க அவர் பொறுப்பு என்று பெரிய ஐயா ஒதுக்கிக் கொடுத்துவிட்டுத் தன் பங்களாவுக்குப் போய்விட்டார்.

வந்த முதல் நாள் சல்லடை அறையில் தூசி பறந்தது. கூட்டுகிற ஆள் வரவில்லை. அவர் துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்கினார். பெண்கள் ஓடிப்போய்ப் பிடுங்கப் பார்த்தார்கள். “நீங்க சல்லடைய பாருங்க, இது எனக்கு ஏலும்” என்றாராம். எங்களுக்கு அது வேடிக்கை. பெரட்டில் நின்று வசவு கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற அந்தப் பெரட்டில், சத்தம் போடாத அதிகாரியை நாங்கள் பார்த்ததில்லை.

அவர் தனியாக ஒரு பெரட்டு வைத்தார். வேலை தொடங்க முன்னால் பத்து நிமிஷம். தேத்தண்ணியை அவரே ஊற்றி முதலில் பெண்களுக்குக் கொடுப்பார். சில நாள் பண்டாரவளையிலிருந்து மீன் வைத்த மாலுபாண் வாங்கி வந்திருப்பார். பிறகு கேட்பார்: “எனக்குத் தெரியாதது ஒண்ணு செல்லுங்க.” சொல்லுங்க என்பதை முஸ்லிம்கள் வழக்கத்தில் செல்லுங்க என்பார், இருக்கு என்பதை ஈக்கி என்பார். இரண்டு வாரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. அவரும் விடவில்லை.

கடைசியில் பேசியது பாக்கியம் அக்கா. சல்லடை அறையில் இருபது வருஷம் நின்றவள். ரெண்டாம் நம்பர் ரோலரிலிருந்து வருகிற இலையில் தூள் கருகி வருகிறது, பெட்டிக்குள் சூடு ஏறுகிறது, பத்து வருஷமாக ஏறுகிறது என்றாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டார்.

“யாரும் கேக்கலீங்க ஐயா.”

அவர் அவளைக் கூட்டிக்கொண்டு ரோலர் ரூமுக்கு வந்தார். சல்லடை அறைப் பெண் ஒருத்தி எங்கள் ரூமுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நடுவில் ஐந்து நிமிஷம் பெட்டி மூடியைத் தூக்கி ஆறவிடச் சொன்னாள். செய்தோம். கருகல் நின்றுவிட்டது. கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, “இப்ப சரி” என்றாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவளிடம் நான் அந்த முகத்தைக் கண்டதில்லை.

அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். காய வைக்கிற டிரையரில் நிற்கிறவர், எந்த விறகுக்கு எவ்வளவு சூடு என்று சொன்னார். வாட வைக்கிற மாடியில் இருந்தவர்கள், மூடுபனி நாளில் கொழுந்தை எப்படிப் பரப்ப வேண்டும் என்று காட்டினார்கள். கிழமைக்கு ஒருநாள் ஆளை மாற்றி நிறுத்தினார் ரிஸ்வி ஐயா. சல்லடைக்காரி ரோலரில், ரோலர்காரன் சல்லடையில். ஆறேழு மாதத்தில் அந்த ஃபாக்டரி நல்ல தூள் போட்டது. வகுப்பில் அந்தப் பெண் சொன்னதெல்லாம் உண்மை. நான் என் கண்ணால் கண்டேன்.

அவள் சொல்லாதது ஒன்று இருக்கிறது. பாக்கியம் அக்காவுக்குச் சொன்னதால் மரியாதை கூடியது. எனக்குச் சொன்னால் இருக்கிற மரியாதை போகும். அந்தக் கட்டையை எடுத்துக் காட்டிய அடுத்த நிமிஷம் மூன்றாம் நம்பரில் யாரும் நிற்கலாம். எட்டு வருஷமாக நான் வித்தைக்காரன் மாதிரி நடந்துகொண்டது ஒரு துண்டுக் கட்டைக்காக என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும். ஆகவே அவரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. அவர் முதுகுக்குப் பின்னால், “இவன் நமக்கு ஐயாவா, எடுபிடியா?” என்று முதலில் சொல்லிச் சிரித்தவன் நான்.

ஒருநாள் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார்.

“செல்வம், மூணாம் நம்பர் உங்கட கையில மட்டும் ஒழுங்கா நிக்குதே. அது எப்படின்னு எங்களுக்கும் செல்லுங்களேன்.”

“கைராசிங்க ஐயா” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த வாரமும் கேட்டார். அதற்கடுத்த வாரமும் கேட்டார். ஒரு தடவையும் குரலை உயர்த்தவில்லை. நான் ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னேன்.

4

கொழுந்து அதிகம் வந்த ஒரு நாள். ஆள் மாற்றுகிற முறையில் பாக்கியம் அக்காவை என்னோடு மூன்றாம் நம்பருக்கு அனுப்பினார். அவள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்க்கிறாள். எப்படி ஆப்பைச் செருகுவது? செருகவில்லை. கட்டை என் பைக்குள்ளேயே இருந்தது. ரோலரை நிறுத்துகிறபோதெல்லாம் லீவரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

பத்து மணி போல, சுருட்டிய இலை கீழே கொட்டுகிற மேசை நடுக் கதவில் அடைத்துக்கொண்டது. லீவரைத் தள்ளினேன். ரோலர் நின்றது. அடைத்த இலையைக் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். பாக்கியம் அக்கா குனிந்தாள். நான் லீவரை அழுத்திப் பிடித்திருந்தேன்.

அந்த நேரம் ரிஸ்வி ஐயா வந்தார். வயதான ஆள் குனிவதைப் பார்த்ததும், “நீங்க தள்ளி நில்லுங்க அக்கா, நான் எடுக்கிறேன்” என்று சட்டைக் கையை மடித்தார். அவள் விலகினாள். அவர் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டார்.

நான் லீவரிலிருந்து கையை எடுத்தேன்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. நழுவியது, கவனிக்கவில்லை, வியர்வையில் வழுக்கியது என்று எத்தனையோ விதமாக எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றுமில்லை. எடுத்தேன். ஒரு தடவை பாயட்டும், எல்லோர் முன்னாலும் பயந்து துள்ளட்டும், இனிமேல் இந்த மெஷின் பக்கம் வராமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். பெட்டி அசையத் தொடங்கினாலே கையை இழுத்துக்கொள்வார் என்றும் நினைத்தேன். என் வலது கை பைக்குள் போய்க் கட்டையைத் தொட்டது. தொட்டுக்கொண்டே நின்றேன். ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்கும். ஆப்பைச் செருகியிருக்கலாம். போதுமான நேரம் இருந்தது.

பாக்கியம் அக்கா கையை விட்டிருந்தால் லீவரை விட்டிருப்பேனா? மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பெல்ட் ஏறுகிற சத்தம் கேட்டது. ரோலர் ஒரு சுற்றுச் சுற்றியது. கை மேசைக்கும் பெட்டிக்கும் நடுவில் போயிற்று. அவர் கத்தவில்லை. “செல்வம், நிப்பாட்டுங்க” என்றார். கை உள்ளே நசுங்கிக்கொண்டிருக்கிறபோதும் எனக்கு ‘ங்க’ போட்டுத்தான் பேசினார்.

கொழுந்து ஏற்றுகிற லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலது கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் ஆப்பை டிரையர் அடுப்பில் போட்டேன். அடுத்த வாரம் மெஷின் பழுது பார்க்கிற ஃபிட்டர் வந்து, தேய்ந்த பள்ளத்தை நிரப்பி ஒரு புது ஆணி வைத்தார். அதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

5

விசாரணை ஆபீஸில் நடந்தது. மெஷின் பழுது என்று எழுதினால் தோட்டத்துக்குத் தலைவலி. ஆகவே வேறு விதமாக எழுதியிருந்தார்கள். இங்கிலீஷில் எழுதி எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். மெஷின் நல்ல நிலையில் இருந்தது. அதிகாரி தன் நிலைக்குப் பொருந்தாமல் தொழிலாளி செய்ய வேண்டிய வேலையைச் செய்யப் போய், கவனக்குறைவால் கையை இழந்தார். அவ்வளவுதான். கீழே கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார்கள். மெஷின்காரன் என்பதால் முதல் கையெழுத்து என்னுடையது.

ரிஸ்வி ஐயா யார் யாரைப் பேச வைத்தாரோ அத்தனை பேரும் அன்று வாயை மூடிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பதின்மூன்று பேர் போட்டார்கள். பாக்கியம் அக்கா மட்டும் பேனாவை வாங்கவில்லை.

“அது நின்ன மெஷினுங்க. நின்ன மெஷின் தானா ஓடுச்சு. நான் விட வேண்டிய கையதான் அவரு விட்டாரு. எப்படிங்க நான் இதுல போடுறது?”

தோட்டத்து மேனேஜர் தொரை அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமை அவளைச் சல்லடை அறையிலிருந்து எடுத்து மலைக்கு அனுப்பினார்கள். ஐம்பது தாண்டியவள். முழங்கால் வீங்கி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து மலை இறங்குவாள். வழியில் என்னைக் கண்டால் நின்று, “சாப்பிட்டியா தம்பி?” என்பாள். அவளுக்கு என்மேல் சந்தேகமே இல்லை. அதைத் தாங்குவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ரிஸ்வி ஐயாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த எழுத்து அவருக்கு முன்னால் ஊவா மாகாணம் முழுக்கப் போயிற்று. வேறு எந்த ஃபாக்டரியும் எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். பெரிய ஐயா திரும்பி வந்து பகல் வேலையையும் பார்த்தார். இனிமேல் யோசனை சொல்லிக்கொண்டு யாரும் தன் முன்னால் வரக்கூடாது என்றார். யாரும் போகவில்லை. ரெண்டாம் நம்பர் மூடியைத் தூக்கி ஆறவிட ஐந்து நிமிஷம் எடுப்பது வீண் என்று அதையும் நிறுத்தினார். தூள் திரும்பக் கருகியது. சல்லடை அறையில் எல்லாப் பெண்களுக்கும் அது தெரியும்.

எனக்கு மட்டும் அந்த விசாரணையால் நல்லது நடந்தது. ஒன்றரை வருஷம் கழித்து கத்தாருக்குப் போக ஏஜென்சியில் வேலைக் கடிதம் கேட்டார்கள். தோட்டத்து ஆபீஸில் கேட்டேன். கவனமான தொழிலாளி, பாதுகாப்பு விதிகளை மதிக்கிறவர், விபத்து விசாரணை ஒன்றில் நிர்வாகத்துக்கு ஒத்துழைத்தவர் என்று அழகாக அடித்துக் கொடுத்தார்கள். அதே கடிதத்தைத்தான் பிறகு கனடாவுக்கும் வைத்தேன். இங்கே நிரந்தரமாக இருக்க விண்ணப்பம் போட்டபோது, பழைய வேலைக்குச் சாட்சி கேட்டு மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். பேரில் ஒரு எழுத்துக் குறைகிறது, முத்திரை மங்கியிருக்கிறது, பிரதி உறுதிப்படுத்தப்படவில்லை. மூன்று தடவையும் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்தேன். கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள்.

6

மகள் அபி இங்கே வரும்போது பதினொரு வயது. சுற்றிலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். ஒரு வருஷத்தில் அவள் தமிழ் மாறிவிட்டது. நான் “என்னம்மா, புரியலையா?” என்றால் “விளங்கேல்லை அப்பா” என்பாள். கடையில் நான் பேசினால், நீங்கள் இந்தியாவா என்று கேட்கிறார்கள். பக்கத்தில் நிற்கிற மகளை அப்படி யாரும் கேட்பதில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு ஊர்த் தமிழ் ஓடுகிறது. இப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது. காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் ஆட்களைப் பயிற்றுவிக்கிற பகுதியில் இருக்கிறாள். தனியாக அறை எடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள்.

அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நான் ரிஸ்வி ஐயா கதை சொல்லுவேன். தரை கூட்டுகிற ஐயா, மாலுபாண் கொண்டுவருகிற ஐயா. அவளுக்கு அது பிடிக்கும். அவள் இந்த வேலைக்குப் போனதற்கே அந்தக் கதைதான் காரணம் என்று ஒருமுறை சொன்னாள். நான் தட்டோடு எழுந்து போய்க் கை கழுவினேன்.

வகுப்பில் நான் பேசியதைக் கேட்டதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். இங்கிலீஷில் ஒழுங்காக எழுதி, என் படத்தோடு, அவர் பேரும் ஊரும் போட்டு இணையத்தில் ஏற்றிவிட்டாள். என்னிடம் பிறகுதான் காட்டினாள். பலர் பாராட்டியிருந்தார்கள். எடுத்துவிடு என்று சொல்ல எனக்குக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டு வாரத்தில் பண்டாரவளையிலிருந்து அவளுக்கு ரிஸ்வி ஐயாவின் குரல் செய்தி ஒன்று வந்தது. உங்கட வாப்பாவை என்னோடு பேசச் செல்லுங்க மகள் என்று, அவ்வளவுதான். அவள் துள்ளிக் குதித்து அவர் நம்பரை என்னிடம் கொடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அடுப்படியில் நிற்கும்போதே அவருக்குப் போன் எடுத்தேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

குரல் தடித்திருந்தது. சுகம் கேட்டார். மனைவி, மகள் எல்லோரையும் கேட்டார். நானும் கேட்டேன். பிறகு, மகள் எழுதியதை எடுத்துவிடச் சொன்னார். மரியாதைக்காகத்தான் எழுதினாள் ஐயா என்றேன்.

“செல்வம், ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள ஃபிட்டர் வந்தார். லீவர் பள்ளத்துல கட்டை உரசின தடம் பளபளன்னு ஈக்கின்னு சென்னார். வருசக்கணக்கா ஒரே இடத்துல ஆப்பு வச்சாத்தான் அப்படி வரும்னார். அந்த மெஷின்ல உங்களத் தவிர யாரு நின்டது?”

இத்தனை வருஷமும் தெரியுமா என்று மட்டும் கேட்டேன்.

“தெரியும். யாருக்கிட்டயும் செல்லல்ல. நல்ல மனசால இல்ல, அப்படி நினைச்சிடாதீங்க. சென்னா, பதினாலு பேர நம்பின மடையன்னு எனக்கு நானே எழுதிக் குடுக்கணும். அதுக்குக் கவனக்குறைவே பரவால்லன்னு விட்டேன்.”

மன்னிப்பு என்று நான் தொடங்கினேன். அது வேணாம் என்று நிறுத்தினார். தம்பியோடு கடையைப் பார்த்துக்கொள்கிறாராம். இடது கையால் எழுதப் பழகிவிட்டாராம். கடையில் மூன்று பேர் வேலை செய்கிறார்களாம்.

“எந்தச் சாமான் எங்க ஈக்கி, எதை யாருக்கிட்ட எடுக்கிற, ஒண்ணும் அவங்களுக்குத் தெரியாது. நான் காட்டிக் குடுக்கிறதில்ல. கேட்டா, போய் வேலையப் பாருன்னு ஏசுவேன். நல்லா ஓடுது கடை. அது நான் உங்கக்கிட்டப் படிச்சது, செல்வம்.”

போனை வைத்துவிட்டார்.

7

வெளியே வந்ததும் அபி என்ன சொன்னார் என்று கேட்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு. இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெரியும். வாய் வரை வந்தது. ஆனால் எழுதியதை எடுக்கச் சொல்ல வேண்டும், அதற்கு அவளுக்குக் காரணம் வேண்டும். மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கட்டையை, லீவரை, நான் கையை எடுத்ததை. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அவளுக்கும் அன்றுதான் தெரியும்.

அபி போனை எடுத்து, எழுதியதை என் முன்னாலேயே அழித்தாள். அதற்குள் எங்கள் தொழிற்சாலையில் அதை எடுத்து மாதப் பத்திரிகையில் அச்சடித்திருந்தார்கள். அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போதும் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

“நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்களோ?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

பிறகு இன்னொன்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தன் வேலைக்குத் தேவையான ஒரு விஷயத்தை விசாரிப்பது போல, மெதுவாக, சொல் சொல்லாகக் கேட்டாள்.

“அந்தாள் எத்தினை தரம் மரியாதையாக் கேட்டவர். உங்கட பெரிய ஐயா மாதிரி அடிச்சுக் கேட்டிருந்தா, சொல்லியிருப்பீங்களோ அப்பா?”

நல்லதாக ஒரு பதில் இருக்கிறதா என்று தேடினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லியிருப்பேன்மா. அன்னிக்கே சொல்லியிருப்பேன்.”

அவள் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தாய் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். நாளைக்கு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டாள். மறுநாள் அவள் தன் கம்பெனியில் புதிதாகப் பொறுப்புக்கு வந்த நாற்பது பேருக்கு, நான் இருந்தது போன்ற ஒரு வகுப்பை நடத்த வேண்டியிருந்தது. அதில் என்ன சொல்லிக் கொடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.